கழியோரத்து நிலமும் அடைபட்ட வாய்க்காலும்

அன்பு நண்பனுக்கு,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்திற்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வீட்டில் அனைவரும் நலம். கணக்கு வாத்தியார் இன்னும் அந்தச் சைக்கிளை விடவில்லை. எழுத வந்த செய்தி வேறு.

பிச்சாவரத்தை அடுத்த கிள்ளைப் பக்கம், உன் வலது கால் செருப்பைச் சேறு விழுங்கிய அந்த உவர்வெளியை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கியிருக்கிறார். படகுத்துறையோடு தங்கும் விடுதி கட்டப் போகிறாராம். ஒரு மூலையில் செம்மண் கொட்டியாகிவிட்டது. அலையாத்திக் காட்டில் ஒரு மரத்தைக்கூடத் தொடமாட்டோம், புல்லும் முளைக்காத தரையில்தான் கட்டுகிறோம் என்று அவருடைய ஆள் ஊர்க்கூட்டத்தில் சொன்னபோது பாதிப் பேர் தலையாட்டினார்கள். பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே வேலை கிடைக்கும் என்று நினைப்பவர்களை நான் எப்படிக் குறை சொல்வேன்? ஆனால் முளைக்காத தரை என்பதால் இழப்பில்லை என்ற வாதத்தை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

பிச்சாவரத்தில் மொட்டைத் திட்டுகள் உருவான கதை உனக்குத் தெரிந்ததுதான். 1970கள் வரை காட்டைக் கூறு போட்டு மொத்தமாக வெட்டினார்கள். நிழல் போன தரை வெயிலில் வற்றித் தொட்டி போலத் தாழ்ந்தது. கடல் ஏற்றத்தில் உள்ளே வந்த நீர் வடிய வழியின்றித் தேங்கிக் காய்ந்து, உப்பு மட்டும் மிஞ்சியது. மாடு மேய்ந்ததால் அழிந்தது, விறகு பொறுக்கியதால் அழிந்தது என்று நெடுங்காலம் ஊர்க்காரர்கள் தலையில்தான் பழி விழுந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓத நீரை உள்ளே விட்ட பிறகு, எதுவும் வராது என்று கைவிட்ட அதே திட்டுகளில் கண்டல் என்னும் அலையாத்தி மரங்கள் தழைத்தன. அப்படியிருக்க, இன்று வெறுமையாகக் கிடக்கும் வெளியில் நாளை காடு வராது என்று யார் உறுதி கூற முடியும்?

போன வாரம், கையால் தடவி இறால் பிடிக்கப் போகும் இருளர் பெண் ஒருவர், கழுத்தில் பறிக்கூடை தொங்க, என்னை அந்த மண்மேட்டருகே அழைத்துச் சென்றார். மேட்டுக்குக் கிழக்கே நீர் கடல் வற்றத்தோடு இறங்கிக்கொண்டிருந்தது; மேற்கே அசைவில்லை, ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. அடைபட்டது ஒரு முழ அகல வாய்க்கால்தான். ஆனால் அதற்குப் பின்னால் நிற்கும் உப்பாத்தி என்ற அலையாத்தி மரங்கள் அந்த நீரை நம்பியே நிற்கின்றன. கோடரி எடுக்காமலும் காட்டைக் கொல்லலாம் என்பதை அந்த அம்மாள் இரண்டு நிமிடத்தில் எனக்குக் காட்டிவிட்டார்.

சட்டம் இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி அலையாத்திக் காடு 1000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் அதைச் சுற்றி 50 மீட்டர் காப்பு எல்லை விட வேண்டும். எங்கிருந்து அளப்பது என்பதில்தான் சண்டையே. தீர்ப்பு கையில் இருந்தாலும் தூங்கிவிட முடியாது: இறால் பண்ணைகளை எதிர்த்து சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயா தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கரையோரப் பண்ணைகளை அகற்ற அத்தனை உறுதியாகச் சொல்லியும், 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அதன் பிடியைத் தளர்த்தியதை நாம் பார்த்தோமே. 2004 ஆழிப்பேரலையின்போது காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் குறைவாகப் பாதிக்கப்பட்டதை இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். தொலைவும் மேட்டு நிலமும் அதற்குக் காரணம் என்று வாத்தியார் வழக்கம்போலக் குறுக்கே பேசுகிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த மேட்டு நிலத்தையும்தானே இப்போது வெட்டுகிறார்கள்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரப் போகிறோம். அதன் நகலோடு மாவட்ட ஆட்சியரைப் பார்ப்பதாகத் திட்டம். அங்கே வாய்க்காலே கிடையாது என்று எதிர்த்தரப்பு சாதிக்கிறது. அளவைத் துறையில் முப்பது ஆண்டு சோறு தின்ற உன் தயவு இங்கேதான் வேண்டும். பழைய புலப்படத்தில், அதாவது நில அளவை வரைபடத்தில், அந்த வாய்க்கால் கோடு இருந்தே தீரும். எந்த அலுவலகத்தில், எந்தப் பெயரில் விண்ணப்பித்தால் சான்றிட்ட நகல் கிடைக்கும் என்று விவரமாக எழுது. முடிந்தால் நீயே ஒரு நடை வந்துவிடு. புல எண்ணைத் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைக்காரன்