பரணில் கிடைத்த ரவிவர்மா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜார்ஜ் டவுனிலும் இராயபுரத்திலும் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். நிலை, கதவு, தேக்கு உத்திரம் எல்லாம் லாரி ஏறிப் போகின்றன. போலி ஓவியத்தைப் பழசு என்று தள்ளிவிடுகிறவர்களுக்கு இதைவிடத் தோதான பின்னணி கிடையாது. "இடிக்கிற வீட்டுப் பரணில் ரவிவர்மா கையால் வரைந்த படம் கிடந்தது, வீட்டுக்கார அம்மாவுக்கு மதிப்புத் தெரியாது, கொடுத்ததை வாங்கிக்கொள்வார்" என்று தரகர் காதில் ஓதினால், சேகரிப்பாளருக்குக் கை பரபரக்கும். கோடி ரூபாய்ப் பொருளை அடிமாட்டு விலைக்கு அமுக்கக் கணக்குப் போடுவார். விவரம் தெரியாத அம்மாவைத் தான் ஏமாற்றுவதாக நினைக்கிறவருக்கு, தன்னை ஒருவர் ஏமாற்றுகிறார் என்று தோன்றவே தோன்றாது. மோசடிக்காரர்கள் நம்பியிருப்பது இந்தப் பேராசையைத்தான்.

முதலில் கொடுக்கும் படம் பெரும்பாலும் அசலாகவே இருக்கும். ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கி, பிறகு லோனாவலா அருகே மளவலிக்கு மாற்றிய அச்சகத்தின் லித்தோ (கல் அச்சு) படம் ஒன்றைச் சல்லிசாகக் கொடுப்பார்கள். அதை விற்று நாலு காசு பார்த்தவர் தரகரை நம்பத் தொடங்கிவிடுவார். அடுத்துதான் பரண் சரக்கு வரும். மங்கலான அறையில், தூசியோடு, சுவரில் மாட்டியபடியே காட்டுவார்கள். கழற்றிப் பார்க்க விடமாட்டார்கள். பக்கத்தில் ஒருவர் கைபேசியில் "பம்பாய்ப் பார்ட்டி நாளைக் காலையில் வருகிறார்" என்று பேசிக்கொண்டிருப்பார். ரொக்கம்தான், ரசீது கிடையாது, இரவோடு இரவாக எடுத்துப் போக வேண்டும்.

படத்துக்குச் சட்டம் போடும் எங்கள் தொழிலில் முதலில் திருப்பிப் போட்டுத்தான் பார்ப்போம். நூறு வருடம் சுவரில் இருந்த கேன்வாஸின் பின்பக்கம் ஒரே நிறமாக இருக்காது. கேன்வாஸை இழுத்துக் கட்டிய உள்சட்டத்தின் மரம் மறைத்த இடம் வெளுத்தும், காற்றுப்பட்ட இடம் பழுத்தும் இருக்கும். டீ டிகாக்ஷனில் முக்கிய துணியோ, ஆணி அடித்து மடித்த ஓரத்தைப் பிரித்தாலும் அதே பழுப்பாக இருக்கும். கீழ்ப்பக்கம் மரத்துக்கும் துணிக்கும் நடுவே உள்ள சந்தில் தூசியும் ஒட்டடையும் பூச்சி இறகும் அடைந்து கெட்டிப்பட்டிருக்க வேண்டும். ஆணி துருப்பிடித்திருந்தால் சுற்றியுள்ள துணியிலும் துருக்கறை இறங்கியிருக்கும். ஆணி துரு, ஓட்டை சுத்தம் என்றால் அந்த ஆணி வேறு எங்கிருந்தோ வந்தது. ஸ்டேப்ளர் பின், நட்சத்திரத் தலைத் திருகாணி எல்லாம், பிற்பாடு யாராவது மாற்றிக் கட்டியிருந்தால் தவிர, 1906இல் இறந்தவரின் படத்தில் இருக்க வழியில்லை.

மரத்தை நன்றாகப் பாருங்கள். வண்டு துளைத்த ஓட்டையில் மெல்லிய செப்புக் கம்பியை விட்டால் கொஞ்ச தூரத்திலேயே வளைந்து முட்டும். டிரில் போட்ட ஓட்டையில் நேராக இறங்கும். இதைவிட நுணுக்கமான அடையாளம் ஒன்று உண்டு. இடித்த வீட்டு மரத்தை அறுத்துச் சட்டம் செய்தால், உள்ளே வண்டு குடைந்த பாதை அறுபட்டு, மேல்பரப்பில் நீளவாக்கில் வாய்க்கால் போலத் தெரியும். வண்டு மரத்தை விட்டு வெளியே வரும்போது வட்ட ஓட்டைதான் போடும். வாய்க்கால் தெரிந்தால், மரம் பழசு, சட்டம் புதுசு.

முகப்புக்கு 10 மடங்கு லென்ஸ் போதும். அச்சடித்த கேன்வாஸ்மேல் தூரிகையால் ஜெல் தடவி மேடு எழுப்புவார்கள். லென்ஸில் பார்த்தால் மேடு ஒரு பக்கம் போகும், படத்தின் கோடு இன்னொரு பக்கம் போகும், அடியில் இங்க்ஜெட் புள்ளிகள் தெரியும். பழைய லித்தோவையே கையோவியம் என்று விற்பவர்கள், அச்சகத்தின் பெயர் இருக்கும் கீழ் விளிம்பை நறுக்கிவிடுவார்கள். கையெழுத்தின் வண்ணம் விரிசலுக்குள் வழிந்திருந்தால், விரிசல் விழுந்த பிறகு போட்ட கையெழுத்து அது. தஞ்சாவூர்ப் படத்தில் ஒன்றே ஒன்று: பிளைவுட்டில் ஒட்டிய படத்துக்கு 150 வயது இருக்காது.

புற ஊதா டார்ச் வாங்கினால் 365 நானோமீட்டர் வாங்குங்கள். மலிவான 395 சரக்கு கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சத்தையே கொட்டும். இருட்டில் பழைய பிசின் வார்னிஷ் பச்சை கலந்து மங்கலாக ஒளிரும், பிற்பாடு தீட்டிய இடங்கள் கறுப்பாகத் தெரியும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் மட்டும் துடைத்துவிடாதீர்கள், அசலாக இருந்தால் பாழாகிவிடும்.

கையில் கொடுக்கும் காகிதங்களை நம்பவே கூடாது. ஜெர்மனியின் போலி ஓவியர் பெல்ட்ராக்கி, தான் வரைந்த படங்களின் பின்னால் பழைய சேகரிப்பின் பெயரில் போலிச் சீட்டு ஒட்டினார். தன் மனைவியைப் பாட்டி போல உட்கார வைத்துப் பழங்காலப் புகைப்படமும் எடுத்தார். 1914இல் வரைந்தது என்று சொல்லி 2006இல் 28.8 லட்சம் யூரோவுக்கு ஏலம் போன படத்தில் டைட்டானியம் வெள்ளை இருந்தது ஆய்வில் தெரிந்து, ஆள் மாட்டினார். அந்த வெள்ளை 1920களை ஒட்டித்தான் ஓவியர்கள் கைக்கு வந்தது. 2011இல் அவருக்கு 6 ஆண்டு சிறை. ரவிவர்மா பெயரில் வரும் படத்துக்கும் இதே சோதனை செல்லும்.

"லண்டன் ஏலத்தில் பத்து மடங்கு கிடைக்கும்" என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி ரவிவர்மாவின் படைப்புகள் 1979 முதல் தேசியக் கலைச் செல்வம். தனியார் யாரும் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

ஏமாந்தவர்கள் வாய் திறப்பதில்லை. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறினால் வருமான வரித் தொல்லை வருமே என்ற பயமும், நாலு பேர் சிரிப்பார்களே என்ற கூச்சமும் தடுக்கின்றன. மோசடிக்காரர்களுக்கு அதுதான் பாதுகாப்பு. அந்த ரொக்கத் தடை பணத்தை வாங்கியவர்மேல்தான் பாய்கிறது, அதாவது படத்தை விற்றவர்மேல். படம், சட்டம், கட்டி வந்த காகிதம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காமல் வேப்பேரி ஆணையர் அலுவலகத்தின் மத்தியக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். ஏமாற்றுதலுக்கான பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவு இதற்குப் பொருந்தும். போட்ட பணத்தை எடுக்க இன்னொருவர் தலையில் கட்டினால் அதே பிரிவு உங்கள்மேல் வரும்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. மாதம் ஒரு நாள், கட்டணம் வாங்கிக்கொண்டு, பொதுமக்கள் கொண்டுவரும் படங்களை அங்கே சோதித்து எழுத்து மூலம் அறிக்கை தர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
படச் சட்டத் தொழிலாளர்கள் சிலர்,
தேவராஜ முதலி தெரு, பூங்கா நகர்,
சென்னை - 3