பொதிகைக்குப் புறப்படும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அகத்தியர் மலைக்கு அனுமதி கிடைத்துவிட்டதென்று நீ சொன்ன அன்று மாலை, மொட்டைமாடியில் நின்று மேற்கே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாபநாசத்தில் பிறந்து தாமிரபரணித் தண்ணீரிலேயே அறுபது வயதைக் கடந்துவிட்ட எனக்கு, அந்த ஆறு பிறக்கும் மலை இன்றுவரை உன் அப்பா சொல்லிக் கேட்ட மலைதான். பெண்கள் உச்சிக்கு ஏறக் கூடாது என்றிருந்த தடை 2018ஆம் ஆண்டு கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பால் நீங்கியபோது, என் முழங்கால்கள் இடங்கொடுக்கவில்லை.

அப்பா 1986இல் நண்பர்களோடு காரையார் அணையைப் படகில் தாண்டி நம் பக்கத்திலிருந்தே ஏறினார். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமானது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். இன்று அந்த வழி அடைபட்டுவிட்டதால் நீ கேரளப் பக்கத்துப் போனக்காட்டிலிருந்து நடக்கப் போகிறாய். முதல் நாள் முழுவதும் நடந்து அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் விடியலில் 1,868 மீட்டர் உயர உச்சிக்குப் புறப்பட வேண்டியிருக்கும். கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டுமாம். ஈரமாக இருந்தால் வீம்பு பிடிக்காமல் திரும்பிவிடு.

அட்டைக்குப் பயப்படாதே. காலுறையின் மேல் புகையிலைத் தண்ணீரைத் தடவிக்கொள். கடித்தால் பிய்த்து இழுக்காமல் உப்பு வை. வழிகாட்டியாக வரும் காணிக்காரப் பழங்குடி மனிதர் நில் என்றால், ஏன் என்று கேட்காமல் நில். யானை நிற்பதை நீ பார்ப்பதற்கு முன்பே அவர் வாடை பிடித்திருப்பார்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றும் உண்டு. அப்பாவின் கூட்டத்தார் அவல் கொண்டுபோன பாலித்தீன் பையைப் பாறையிடுக்கில் விட்டுவிட்டார்கள். இறங்கி வரும்போது, அந்தப் பையை ஒரு மிளா மான் நின்று மென்றுகொண்டிருந்ததாம். கைதட்டி விரட்டியதும் அது பையோடு புதருக்குள் ஓடிவிட்டது. அதற்குப் பிறகு அந்த மனிதர் கடைக்கு மஞ்சள் துணிப்பை இல்லாமல் போனதே இல்லை; ஏனென்று நீ சிறுவயதில் கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவார்.

அந்த மஞ்சள் பை பரணில் இருந்தது. துவைத்து, இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். உன் சாப்பாட்டை அதில் கட்டிக்கொள். அங்கிருந்து எனக்கென்று ஒரு கூழாங்கல்கூட எடுத்து வர வேண்டாம். போனக்காடு இறங்கி, கைப்பேசியில் சிக்னல் கிடைத்ததும் எந்நேரமானாலும் கூப்பிடு, விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா