படகுகளைக் காட்டியிருக்கலாம்

ஆசிரியருக்கு,

பிரிட்டன் அரசி இரண்டாம் எலிசபெத் அரியணையேறிய 60-ஆம் ஆண்டு வைர விழாவையொட்டி 2012 ஜூன் 3 அன்று லண்டனின் தேம்ஸ் நதியில் நடந்த படகு அணிவகுப்பை பிபிசி ஒளிபரப்பிய விதம் குறித்து நேயர்களின் புகார்கள் குவிவதாக வெளியான செய்தியைப் படித்தேன். அந்தக் கோபம் முற்றிலும் நியாயமானது. முடியாட்சியே வேண்டாம் என்போரின் வாதம் வேறு. இது நேயருக்கு விவரம் சொல்லவேண்டிய கடமை பற்றியது. நூற்றுக்கணக்கான படகுகள் மழையில் அணிவகுத்துச் செல்ல, 86 வயது அரசி நின்றபடியே பார்த்துக்கொண்டிருக்க, ஒளிபரப்போ பிரபலங்களின் அரட்டைக்கு அடிக்கடி தாவியது.

லண்டனில் வசிக்கும் நான் அன்று கரையில் நின்றிருந்தேன். வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை பொறித்த கொடியுடன் பழைய படகுகள் சில வந்தன. இரண்டாம் உலகப் போரின்போது, 1940-இல், பிரான்ஸின் டன்கிர்க்கிலிருந்து படைவீரர்களை மீட்டுவந்த படகுகள் அவை என்று பக்கத்தில் குடைபிடித்து நின்ற முதியவர் சொன்னதும், சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். வர்ணனையில் அந்த ஒரு வரி வந்திருந்தால் போதுமே! இதே ஆண்டு ஜூலை 27 அன்று லண்டனில் ஒலிம்பிக் தொடக்க விழா வருகிறது. அதற்காவது விஷயம் தெரிந்தவர்களை பிபிசி வர்ணனைக்கு அமர்த்தி, நிகழ்ச்சிக் குறிப்புகளை முன்கூட்டியே அவர்களிடம் கொடுக்க வேண்டும்.

— வாசகர், லண்டன் (ஜூன் 2012)