வெள்ளச்சியின் வயிற்றில் இருப்பது மருந்துக் கறை இல்லை, ஐயா

நாய்க் கருத்தடைப் பணிக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும் அறுவைக்கூடத்து மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் படகுத்துறைக்கு வண்டி என்றைக்கு வந்தது, எத்தனை நாய் ஏறியது, என்றைக்கு இறங்கியது என்பதெல்லாம் உங்கள் பதிவேட்டில் இருக்கும். அதில் இருக்காத ஒன்றை, தையல் ஆறுமுன் நீங்கள் இறக்கிவிட்ட வெள்ளச்சி என்ற வெள்ளை நாய்க்கு என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் கருத்தடைக்கு எதிரி இல்லை. அன்றைக்கு வெள்ளச்சியை பிஸ்கட் காட்டிக் கூப்பிட்டு உங்கள் ஆட்கள் கையில் கொடுத்ததே நான்தான். ஈன்ற குட்டிகளில் பாதி வல்லப் படகுக்கு அடியிலேயே செத்துக் கிடப்பதை வருஷா வருஷம் பார்க்கிறவன் நான். மீன்பிடித் தடைக்காலம் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு இறங்காது, துறையில் ஒரு மீன் தலைகூடக் கிடைக்காது, நாய்கள் எலும்பாய்த் திரியும். சரி, இந்த நேரத்தில் குட்டி இல்லாமல் இருந்தால் நல்லது என்று நம்பிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் இறக்கிவிட்டுப் போய்விட்டீர்கள். காதில் வி போல ஒரு வெட்டு, வயிற்றில் முடி மழித்த இடம், அதன் நடுவே நீல நைலான் நூலில் நாலு தையல்.

வலை பின்னிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு நூலும் முடிச்சும் தெரியும். போட்டிருந்தது நல்ல முடிச்சுதான், தானாக அவிழாது. ஆனால் ஒவ்வொரு முடிச்சிலும் நூல் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நாய்க்கு அது போதும். அன்று ராத்திரி முழுக்க வல்லத்துக்கு அடியிலிருந்து சளக் சளக் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு பின்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வயிற்றை நக்கிக்கொண்டிருக்கிறது. அதட்டினால் நிறுத்தும். நாலு எட்டு வைத்துத் திரும்புவதற்குள் மறுபடி சளக் சளக்.

நான்காம் நாள் தையலைச் சுற்றி வெள்ளை முடி பழுப்பாகியிருந்தது. ஆறாம் நாள் துருப்பிடித்த நங்கூரத்தின் நிறம். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு ரத்தம் மாதிரி தெரியும். வெறி பிடித்த நாய் எதையோ கடித்துவிட்டு வந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, பிள்ளைகள் கல்லெடுத்தார்கள். காதில் வெட்டு இருக்கிறது, வெறிநாய்த் தடுப்பூசி போட்ட நாய் என்று நான் கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

அப்போதுதான் உங்களுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "அது அயோடின் மருந்துக் கறை அண்ணே, போயிடும்" என்றார். அப்புறம், "நாய் நாக்குல மருந்து இருக்குண்ணே, நக்கி நக்கியே ஆத்திக்கும்" என்றார்.

ஐயா, அயோடின் மஞ்சள் எனக்கும் தெரியும். கையில் தூண்டில் ஏறிய ஆள் நான். அது நாளுக்கு நாள் வெளுக்கும். இது நாளுக்கு நாள் அகலமானது. இன்னொன்றும் பார்த்தேன். வெள்ளச்சியின் முன்னங்கால் இரண்டும் அதே துரு நிறம். முன்னங்காலில் நீங்கள் மருந்து போடவில்லையே? வயிற்றை நக்கி அலுத்தால் காலை நக்கும், அதனால் வந்தது.

பிறகு தையல் பிரிந்ததும் நான் தூக்கிக்கொண்டு ஓடிய வேறொரு மருத்துவர் இதை விளக்கினார். நாயின் எச்சிலிலும் கண்ணீரிலும் போர்பிரின் என்று ஒரு பொருள் இருக்கிறதாம். ரத்தச் சிவப்பணு உடையும்போது உண்டாவது. ஈரம் விடாமல் ஊறும் வெள்ளை முடியில் அது படிந்து, காற்றும் வெளிச்சமும் பட்டதும் செம்பழுப்பாகிவிடுமாம். கறுப்பு நாயிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கறையால் கேடில்லை, ஆனால் எவ்வளவு நக்கியிருக்கிறது என்பதற்கு அதுதான் கணக்கு என்றார். நாக்கில் மருந்து இருக்கிற கதையையும் கேட்டேன். சிரித்துவிட்டு, ஓயாமல் நக்கினால் புண் ஆறாது, வாயில் இருக்கிற கிருமியெல்லாம் நேரே புண்ணுக்குப் போகும் என்றார்.

அவரிடம் போவதற்கு முன்னால் நாங்களும் சும்மா இருக்கவில்லை. வீட்டில் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் போட்டார்கள். எண்ணெய் வாசத்துக்கு அது இன்னும் இரண்டு மடங்கு நக்கியது. பேரன் பனியனை மாட்டிவிட்டேன், அரை மணி நேரத்தில் கடித்துக் கிழித்துவிட்டது. கடைசியில் பெயின்ட் வாளி ஒன்றின் அடியை அறுத்து, விளிம்பில் துணி சுற்றி, கழுத்தில் மாட்டினேன். டவுனில் வீட்டு நாய்களுக்குப் போடுகிற பிளாஸ்டிக் கூம்பு மாதிரி.

நக்குவது நின்றது. ஆனால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. நங்கூரக் கயிற்றில் மாட்டிக்கொண்டு அலறியது. துறையில் கூடவே வளர்ந்த நாய்களுக்கே ஆள் அடையாளம் தெரியாமல் நாலும் சேர்ந்து பாய்ந்தன. வாளியைக் கழற்றிவிட்டேன். கழற்றிய ராத்திரியே இரண்டு தையல் போய்விட்டது. காலையில் பார்த்தால் பிளந்த இடத்தில் மணல், உப்பு, காரல் மீன் காயப்போட்ட இடத்து ஈ.

அதனால்தான் கேட்கிறேன்: தையல் ஆறும்வரை நாயை உங்கள் கூடத்திலேயே வைத்திருங்கள். தோல் தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும் என்பது நீங்கள் படித்த படிப்பு, நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கூம்பு மாட்டினாலும் அது கூண்டுக்குள் இருக்கும் நாய்க்குத்தான் உதவும், கடற்கரை நாய்க்கு அதுவே ஆபத்து. இடமில்லை என்றால், வெளியே நூல் தெரியாமல் தோலுக்கு உள்ளே போட்டுக் கரைய விடுகிற தையல் இருக்கிறது என்று அந்த மருத்துவரே சொன்னார். அதையாவது போடுங்கள். போட்டாலும் காயம் மூடியதைக் கண்ணால் பார்த்த பிறகே விடுங்கள்.

2023-இல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளில், பிடித்த இடத்திலேயே நாயைத் திருப்பி விட வேண்டும் என்று இருக்கிறதே, அதை நீங்கள் அச்சுப் பிசகாமல் செய்தீர்கள். பிடித்த அதே வல்லத்துக்குப் பக்கத்தில், அதே மணலில், பிளக்கப்போகிற வயிற்றோடு. இதற்கு நன்றி சொல்வதா என்று தெரியவில்லை. எத்தனை நாய் அறுத்தோம் என்று எழுத ஒரு கட்டம் இருக்கிறது, எத்தனை ஆறியது என்று எழுதக் கட்டம் இல்லை போலிருக்கிறது. பாம்பனில் கப்பல் போக வேண்டும் என்றால் ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் நீள இரும்புத் துண்டையே அப்படியே மேலே தூக்கி நிறுத்துகிறோம். 2025-இல் திறந்தபோது நானும் போய் வாய் பிளந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அது முடிகிற அரசாங்கத்துக்கு ஒரு நாய்க்குப் பத்து நாள் கூண்டும் சோறும் முடியவில்லை என்றால் நான் என்ன நினைப்பது? 

கோபத்தில் இரண்டு வார்த்தை கூடிவிட்டது, மன்னிக்கவும். உங்கள் ஆட்கள் வெயிலில் ஓடி நாய் பிடிப்பதையும், கடி வாங்குவதையும் பார்த்திருக்கிறேன். குற்றம் அவர்கள் மேல் இல்லை.

வெள்ளச்சியை மீன் பெட்டியில் படுக்க வைத்து லோடு ஆட்டோவில் கொண்டுபோனேன். ஷேர் ஆட்டோக்காரர்கள் வயிற்றைப் பார்த்துவிட்டு ஏற்ற மறுத்துவிட்டார்கள். மறுபடி தைத்து, ஊசி போட்டு, இப்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் கட்டிக் கிடக்கிறது. காயம் மூடிவிட்டது. கறை மட்டும் போகவில்லை. ஏறிய முடியில் அது கழுவினாலும் போகாது, புது முடி வளர்ந்துதான் மாறுமாம்.

அடுத்த வாரம் மறுபடி வண்டி வரும் என்கிறார்கள். துறையில் இன்னும் மூன்று பெட்டை இருக்கிறது. என் குரலுக்குத்தான் வரும், நானே பிடித்துத் தருகிறேன். ஏற்றும்போது, தையல் ஆறிய பிறகே திருப்பி விடுவோம் என்று ஒரு துண்டுச் சீட்டில் தேதி போட்டு எழுதித் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சீட்டு இல்லாமல் அன்றைக்கு நான் கூப்பிட மாட்டேன்.

இப்படிக்கு,
படகுத்துறையில் வலை பின்னுகிறவன்