பெண்டு எடுப்பதா, புதுசு போடுவதா?

அன்பு சேகருக்கு,

உன் கடிதமும், விபத்தில் அடிபட்ட உன் பைக்குக்கு மெக்கானிக் எழுதிக் கொடுத்த ரிப்பேர் பட்டியலும் கிடைத்தன. கைக்கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று படித்த பிறகுதான் பட்டியலைப் பிரித்தேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவளுக்குப் பரீட்சை முடிந்து வீடு கொஞ்சம் அமைதியாகியிருக்கிறது.

பட்டியல் எனக்குத் தலைகீழாகப் படுகிறது. டேங்க், வைசர், பக்கவாட்டு பேனல் எல்லாம் புதுசு என்று போட்டிருக்கிறார். முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயான ஃபோர்க்குக்கும் ஹேண்டில்பாருக்கும் மட்டும் 'பெண்டு எடுப்பது', அதாவது வளைந்ததை நிமிர்த்துவது. பேனல் விட்டுப்போனால் கீழே விழும், அவ்வளவுதான். பிரேக் பிடிக்கும்போது ஹேண்டில்பார் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை வளைந்ததைத் திரும்ப நிமிர்த்தினால் அந்த இடத்தில் உலோகம் பலவீனமாகிவிடும், முன்னறிவிப்பு இல்லாமல் ஒருநாள் முறியலாம். அலுமினிய பார் என்றால் யோசிக்கவே வேண்டாம், மாற்று. பிரேக் லிவருக்கும் இதே கதிதான். கிளட்ச் லிவர் லேசாக வளைந்திருந்தால் அப்படியே ஓட்டலாம். நிமிர்த்தப் போனால்தான் ஒடியும்.

எந்த பார்ட்டுக்கும் ஆர்டர் கொடுக்கும் முன் வண்டியின் எலும்புக்கூடான சேசிஸைப் பார்க்கச் சொல். அது கோணியிருந்தால் மற்ற செலவெல்லாம் வீண். டேங்கைக் கழற்றி, ஹேண்டில் திரும்பும் அச்சைத் தாங்கும் ஸ்டீயரிங் தலைக்குப் பின்னால் வெல்டிங் ஓரத்தில் பெயிண்ட் சுருங்கியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஹேண்டிலைத் திருப்பினால் முட்டி நிற்கும் ஸ்டாப்பர் நசுங்கியிருந்தால் அடி பலமாக விழுந்திருக்கிறது. அடுத்தது நூல் பிடிப்பது. பின் டயரின் இரண்டு பக்கத்தையும் ஒட்டி, தரையிலிருந்து ஒரே உயரத்தில், முன் டயர் வரை நூலை இழுத்துக் கட்ட வேண்டும். பின் டயர் அகலமாக இருக்கும் வண்டியில் முன் டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபக்கமும் சமமாக வர வேண்டும். ஸ்டீல் சேசிஸ் என்றால் ஜிக்கில் (சேசிஸைப் பூட்டிப் பிடிக்கும் சட்டம்) பிடித்து இழுத்துச் சரிசெய்யலாம். அலுமினிய சேசிஸை நிமிர்த்தித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

இனி ஃபோர்க். ஹேண்டில் ஒரு பக்கமும் சக்கரம் ஒரு பக்கமும் பார்க்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதனாலேயே குழாய் வளைந்துவிட்டது என்று ஆகாது. பல நேரம் குழாயைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்புக்குள் அது முறுக்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். மேல் கிளாம்ப்புக்கு வெளியே குழாய் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று முதலில் குறித்துக்கொள். மட்கார்டு போல்ட், ஆக்சில், ஆக்சிலை இறுக்கும் பிஞ்ச் போல்ட், இரண்டு கிளாம்ப் போல்ட்டுகள் எல்லாவற்றையும் குழாய் நழுவாத அளவுக்கு மட்டும் தளர்த்து. சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே பிடித்து ஹேண்டிலை நேராக்கு. பிறகு முன் பிரேக்கைப் பிடித்தபடி நாலைந்து தடவை ஃபோர்க்கை அமுக்கிவிட்டு, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்கு.

அப்படியும் நேராகவில்லை என்றால் குழாயைக் கழற்றி வி வடிவப் பள்ளமுள்ள வி-பிளாக் மேல் வைத்து, நுண்ணிய ஆட்டத்தைக் காட்டும் டயல் கேஜ் போட்டு உருட்டிப் பார்க்க வேண்டியதுதான். பல மேனுவல்களில் 0.2 மி.மீ. வரைதான் அனுமதி. கேஜ் காட்டும் மொத்த ஆட்டத்தில் பாதிதான் உண்மையான வளைவு. இரண்டில் எதை மேனுவல் சொல்கிறது என்று படித்துக்கொள்ளுங்கள். கேஜ் இல்லாவிட்டால் தடித்த கண்ணாடி மேல் உருட்டினாலே வளைவு தெரியும், ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அடியில் விட்டுப் பார்க்கலாம். கீழ் கிளாம்ப்புக்குச் சற்றுக் கீழேதான் பெரும்பாலும் வளையும். சீரான சிறு வளைவு என்றால் பிரஸ்ஸில் நிமிர்த்தலாம், நானே ஒத்துக்கொள்வேன். குழாய் மடிந்திருந்தாலோ குரோம் வெடித்திருந்தாலோ ஒத்துக்கொள்ள மாட்டேன். உரிந்த குரோம் ஆயில் சீலைக் கிழிக்கும். கசியும் ஆயில் வழிந்து பிரேக் பேடில் இறங்கும். எப்படியும் பிரித்தாயிற்று என்பதால் ஆயில் சீலும் டஸ்ட் சீலும் புதுசு போடச் சொல். ஆயிலை ஃபோர்க்கின் இரண்டு காலிலும் சமமாக அளந்து ஊற்ற வேண்டும்.

பட்டியலில் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங், இல்லை. முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பு. நேராக வரும் இடத்தில் 'டக்' என்று உட்கார்ந்தால், பேரிங் குண்டுகள், அவை உருளும் கப்பில் குழி விழ வைத்துவிட்டன. மேலும் கீழும் கப்போடு சேர்த்து முழு செட்டாக மாற்று. இறுக்கிவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள்; ஆகாது.

சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஃபோர்க்கில் கட்டிய கம்பி நுனியை ரிம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆட்டம் தெரியும். பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் 2 மி.மீ.க்கு மேல் ஆடினால் பொதுவாக ஏற்பதில்லை. ஸ்போக் வீலானால் கோட்டம் எடுக்கலாம், அல்லது ஹப்பை வைத்துக்கொண்டு ரிம்மை மட்டும் மாற்றலாம். அலாய் வீலில் விரிசல் இருந்தால் வெல்டிங் பேச்சே எடுக்க விடாதே. டிஸ்க் கோணியிருந்தாலும் புதுசுதான்.

மிச்சப்படுத்த இடம் வேறே இருக்கிறது. டேங்க் ஒழுகவில்லை என்றால் டென்ட்டை விட்டுவிடு, இல்லை டிங்கரிங் செய்துகொள். வெல்டிங் வேண்டுமென்றால், பெட்ரோலை வடித்துவிட்ட டேங்க்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். அதை நீக்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடு. கிளட்ச் கவர் விரிசலை ஆர்கன் வெல்டிங்கில் நன்றாக அடைக்கலாம், எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கக்கூடாது. கியர் லிவர் ஸ்டீல்தானே, நிமிர்த்தலாம். ஆனால் அது மாட்டியிருக்கும் ஷாஃப்ட் வளைந்தால் சீல் ஓரமாக ஆயில் கசியும், அதைப் பார். பேனலின் உட்புறத்தில் ஏபிஎஸ் (ஒரு பிளாஸ்டிக் வகை) என்று அச்சிட்டிருந்தால், விரிசல் முனையில் 3 மி.மீ. துளை போட்டு, அசிட்டோனில் கரைத்த அதே பிளாஸ்டிக்கை உள்பக்கம் பூசி வலையோடு ஒட்டலாம். பிபி (பாலிப்ரோப்பிலீன்) என்றிருந்தால் அசிட்டோன் வேலை செய்யாது. அதே வகைக் கம்பியால் சூட்டில்தான் ஒட்ட வேண்டும்.

ஹெல்மெட்டைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. தலை மோதியிருந்தால் உள்ளே நசுங்கிய தெர்மாகோல் திரும்ப எழும்பாது. வெளியே கீறல்கூட இல்லை என்று வைத்துக்கொண்டிருக்காதே.

ஃபோர்க்கைக் கழற்றியதும் இரண்டு குழாய்க்கும் தனித்தனியாக எடுத்த அளவையும், ஸ்டீயரிங் தலையின் போட்டோவையும் அனுப்பு. அதுவரை ஆர்டர் எதுவும் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
ராஜன்