செல்விக்கு, அந்தமானிலிருந்து

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து நீ மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் பெரிய நிம்மதி. இங்கே நாங்கள் நலம். அவர் ஓய்வு பெற்ற பிறகு தோட்டமே கதியென்று இருக்கிறார். மூத்தவனுக்கு ரங்கத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது.

தை மாதம் எல்லோரும் வருகிறீர்கள் என்பதில் எனக்குக் கொள்ளை மகிழ்ச்சி. ஆனால் பாராடாங் தீவுக்குப் போகும் வழியில், காட்டில் வாழும் ஜாரவாப் பழங்குடி மக்களைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறாயே, அது வேண்டாம் செல்வி. ஏன் என்று உன்னிடம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நான் காய்கறி வாங்கும் அபெர்டீன் பஜார்ப் பக்கம் 1859 மே மாதம் ஒரு போர் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆங்கிலேயர்கள் சிப்பாய்க் கிளர்ச்சிக் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கி, காட்டை வெட்ட வைத்திருந்தார்கள். தங்கள் காடு போவதைப் பார்த்த கிரேட் அந்தமானியர்கள் என்ற பழங்குடி மக்கள் வில்லோடு திரண்டு வந்தார்கள். அவர்களோடு ஓராண்டு வாழ்ந்த, அவர்கள் பெண் கொடுத்து வைத்திருந்த துத்நாத் திவாரி என்ற தப்பியோடிய கைதி, முன்கூட்டியே வந்து வெள்ளையரிடம் சொல்லிவிட்டான். துப்பாக்கிகள் காத்திருந்தன. அவனுக்கு மன்னிப்புக் கிடைத்தது.

ஆனால் அந்த மக்களை அழித்தது அந்தப் போர் அல்ல. என்னை உறங்கவிடாதது அதற்குப் பிறகு வந்த அன்புதான். 1863இல் 'அந்தமான் இல்லம்' என்று ஒன்றைத் தொடங்கி உணவு, உடை, புகையிலை எல்லாம் கொடுத்தார்கள். நாகரிகம் கற்றுத் தருகிறோம் என்று மனதார நம்பியவர்களும் அதில் இருந்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டவில்லை. மேகநோய் என்னும் பால்வினை நோய் பரவியது. 1877இல் தட்டம்மை வந்து ஊர் ஊராக வாரிக்கொண்டு போனது. தொடக்கத்தில் ஐயாயிரம் பேர் வரை இருந்திருக்கலாம் என்பார்கள். 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19 பேர். அவர்களுக்குள் பத்துக் குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் தனி மொழி. அவற்றில் ஒன்றான போ மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி 2010 ஜனவரியில் இறந்தார். பேச்சுத் துணைக்கு ஒருவரும் இல்லாமல் ஒரு மொழியைச் சுமந்துகொண்டு எத்தனை ஆண்டுகள் இருந்திருப்பார்!

இதையெல்லாம் வெள்ளைக்காரன் கணக்கில் எழுதிவிட்டு நாம் கை கழுவிக்கொள்ள முடியாது. கிழக்கு வங்கத்திலிருந்து துரத்தப்பட்ட அகதிகளுக்கு 1949 முதல் இங்கே காட்டை அழித்து வயல் கொடுத்தது நம் அரசுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்தும் குடியுரிமை மறுக்கப்பட்டு, இந்திய, இலங்கைப் பிரதமர்களின் சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்ட நம் தமிழர்களில் சிலரை நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றினார்கள். பிழைக்க வழியின்றிக் கப்பலேறியவர்களின் கண்ணீரை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். என் மாமனாரும் அப்படி வந்தவர்தான். வீடிழந்தவனுக்கு வீடு கொடுக்க, அங்கே ஏற்கெனவே இருந்தவனிடம் யாருமே கேட்கவில்லை என்பதுதான் என் வேதனை. லிட்டில் அந்தமான் தீவில் ஓங்கே பழங்குடியினர் 1901இல் 672 பேர். அறுபது, எழுபதுகளில் அங்கேயும் குடியேற்றம் நடந்தது. இன்று அவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். நான் கட்டியிருக்கும் வீட்டு மண்ணும் யாரோ ஒருவருடைய வேட்டைக் காடாகத்தான் இருந்திருக்கும்.

ஜாரவாக்கள் மட்டும் நெடுங்காலம் அம்பு எய்து எல்லோரையும் தள்ளியே வைத்திருந்தார்கள். அவர்கள் பிழைத்ததற்கு அதுதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். எழுபதுகளில் அவர்களுடைய காட்டின் ஊடே அரசு சாலை போடத் தொடங்கியது. 1997 வாக்கில் ஜாரவாக்களே காட்டைவிட்டு வெளியே வர ஆரம்பித்தார்கள். 1999இல் அவர்களிடையே தட்டம்மை! இப்போதும் அவர்கள் சில நூறு பேர்தான். பாராடாங் போக நாம் பிடிக்க வேண்டிய அந்தக் காட்டுச் சாலையை மூடச் சொல்லி 2002இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்றும் அந்தக் காட்டுச் சாலை தொடங்கும் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் விடியற்காலையிலிருந்தே வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தின்பண்டம் கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. இருந்தும் சன்னலோரம் இடம் கேட்பவர்கள் எதற்குக் கேட்கிறார்கள் என்று உனக்குத் தெரியாதா? நோயாளியைப் பார்க்கவும் வயல்வேலைக்கும் போகும் மத்திய அந்தமான்காரர்களுக்கு வேறு வழி குறைவு. நமக்கு அந்த அவசியம் இல்லை.

பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்று நீ நினைப்பது சரிதான். மானுடவியல் அருங்காட்சியகத்துக்கு நானே கூட்டிப் போகிறேன். அபெர்டீன் போரின் நினைவுத் தூணையும் காட்டுகிறேன். செல்லுலார் சிறைக்கு ஒரு மாலை, ராஸ் தீவுக்கு ஒரு நாள், ஹேவ்லாக் தீவில் இரண்டு இரவு. அவ்வளவு போதும் உன் காலுக்கு.

கப்பல் வேண்டாம், மூன்று நாள் அலைச்சல். விமான டிக்கெட்டே எடு. தேதி முடிவானதும் எழுது, ஹேவ்லாக் படகுக்கு முன்பதிவு செய்ய வேண்டும். வரும்போது நல்ல கருப்பட்டி இரண்டு கிலோ கொண்டு வா.

அன்புடன்,
உன் வசந்தா