கடன் நோட்டில் என் முழங்கால்

கோத்தகிரியிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா நோயோடு நான் பட்ட பாட்டை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அதை மறுபடி எழுதப் போவதில்லை. நேற்று கைத்தடி இல்லாமல் பஸ் நிலையத்திலிருந்து வீடுவரை மேடேறி வந்தேன். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும்.

நடு இரவில் ஜீப் ஓட்டிவந்தவர், அரசு மருத்துவமனையில் ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் 8 மருந்தை ஏற்றிய செவிலியர்கள், தேயிலைத் தொழிற்சாலையில் என் கணக்கு வேலையையும் சேர்த்துப் பார்த்த தோழர்கள், என் எரிச்சலையெல்லாம் பொறுத்துக்கொண்ட அக்கா, எல்லோருக்கும் என் கும்பிடு. யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், மீதி மடல் முழுவதும் ரீசார்ஜ் கடை அண்ணனுக்குத்தான்.

பிசியோதெரபிக்குக் கோவை போனால், மேடம் கோணமானி வைத்து முழங்கால் எவ்வளவு நீள்கிறது என்று அளப்பார். மூட்டைத் தொட்டுப் பார்ப்பார். ஆனால் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் முன்சீட்டுக் கம்பியில் முழங்கால் இடிக்கும். கீழே இறக்கிவைத்த வலி, திரும்பும் பஸ்ஸில் என்னோடு சேர்ந்து மலையேறிவிடும். மாதம் ஒருமுறை நேரில், வாரம் இருமுறை வீடியோவில் என்று மேடம் மாற்றிக்கொடுத்தார். எங்கள் வீட்டில்தான் சிக்னல் கிடையாதே! கடைவாசலில் நின்று போனை உயர்த்திப் பிடித்துத் தவித்தவனை அண்ணன் உள்ளே கூப்பிட்டார். பின்னறையில் இருந்த அட்டைப்பெட்டிகளை நகர்த்தி ஒரு பெஞ்சு போட்டார்.

முதல் நாளே வலி மாத்திரை ஒன்றை நீட்டினார். ஆஸ்பிரின் வகையெல்லாம் ரத்தக் கசிவைக் கூட்டும், எங்களுக்கு ஆகாது என்றதும், யாரோ பறிக்க வந்ததுபோல் அதைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டார். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டிவைத்து, கீழே அழுத்தி, ஐந்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். தொடைத் தசை வலுத்தால்தான் மூட்டுக்குத் தாங்கல். எண்ணுவது அண்ணன் வேலை. வாடிக்கையாளர் வந்தால் மூன்றிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார், நான் தொங்கிக்கொண்டிருப்பேன்.

எத்தனையோ முறை ரத்தம் கசிந்து தேய்ந்த மூட்டு என்னுடையது. தினம் வலிக்கிற மூட்டில் பழைய வலி எது, புதுக் கசிவு எது என்று எனக்கே பல நேரம் பிடிபடாது. ஒருநாள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வலித்தது. பனிக்குளிர்தான் என்றேன். திரையிலிருந்து மேடம், "சூடு இருக்கிறதா என்று பாருங்கள்" என்றார். டீ கிளாஸைப் பிடித்திருந்த என் கைக்கு எல்லாமே சூடாகத்தான் இருந்தது. அண்ணன் ஸ்வெட்டர் கையை மேலே தள்ளிவிட்டு, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் இரண்டு முழங்காலிலும் மாறிமாறிப் புறங்கையை வைத்தார். மறுபடியும் வைத்தார். "இடதுபக்கம் சுடுகிறது மேடம்."

பயிற்சியை உடனே நிறுத்தச் சொன்னார் மேடம். ஐஸை அண்ணன் துணியில் சுற்றித் தந்தார். மருத்துவமனைக்கும் அவரே கூட வந்தார். மூட்டு உருண்டு திரளுவதற்குள் ஃபேக்டர் ஏறிவிட்டது. வீடியோ சிகிச்சை போதுமா, நேரில்தான் போக வேண்டுமா என்று என்னைக் கேட்பவர்களுக்கு, என் அனுபவத்தில் இரண்டும் வேண்டும். போன் வழியாகப் பார்க்கும்போது பக்கத்தில் ஒரு கையும் வேண்டும்.

அதன்பின் ஒவ்வொரு முறையும் அவர் தொட்டுப் பார்த்து, பாக்கி எழுதும் நோட்டிலேயே குறித்துவைத்தார். யாரோ தர வேண்டிய ரீசார்ஜ் கடனுக்கும் சார்ஜர் பாக்கிக்கும் நடுவில், "தம்பி, இடது, சூடு இல்லை" என்று கோணல் எழுத்தில் இருக்கிறது. பக்கத்து ஊரில் இதே நோயுள்ள பையன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கும் ஒரு நோட்டுப் போட்டு வாராவாரம் போய்ப் பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறேன்.

அண்ணா, நாளைக் காலை உங்கள் கடை ஷட்டரைத் தூக்கிவிட ஆசைதான், முழங்கை சம்மதிக்காது. நீங்களே தூக்குங்கள், டீயும் வர்க்கியும் நான் வாங்கிவருகிறேன்.